கோட்டை மேலிருந்து மாப்பிள்ளை பார்த்தேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், ஏற்காட்டில் நடந்தது இது. ஏற்காடு என்றதும் படகு விடுகிற ஏரிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்வது அதை அல்ல. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறி, மாரமங்கலம் போகிற வழியில் இறங்கி, காபித் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு எஸ்டேட் ஏரி வரும். அந்த எஸ்டேட்டில் என் அப்பா ரைட்டர். ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு, மழைக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு. நான் பிறந்து வளர்ந்தது முழுக்க அந்த ஏரியை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான்.

ஏரி நடுவில் ஒரு பாறைத் திட்டு. திட்டின் மேல் ஒரு கோட்டை. ராஜா வாழ்ந்த கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை, தன் ஊர்க் கோட்டை மாதிரியே கருங்கல்லில் கட்டிக்கொண்ட பங்களா அது. ஒரு பக்கம் உருண்டையாக ஒரு கோபுரம், அதன் உச்சியில் பல் பல்லாகச் சுவர். கூரை எப்போதோ விழுந்துவிட்டது. கூடத்தில் முளைத்த சில்வர் ஓக் மரம் ஒன்று, கூரை இருந்த இடத்தையும் தாண்டி வளர்ந்து நிற்கும். சிறுத்தைக்குப் பயந்த பெண்டாட்டிக்காகத் துரை அதைக் கட்டினான் என்பாள் என் அம்மா. பெண்டாட்டிக்கே பயந்துதான் கட்டினான் என்பார் எஸ்டேட் லாரி டிரைவர். அந்த டிரைவரின் மகள்தான் என் உயிர்த்தோழி.

துரை குதிரை வண்டியில் போய்வரக் கரையிலிருந்து திட்டு வரைக்கும் ஒரு கல் பாதை இருந்ததாம். பின்னால் வந்த முதலாளிகள் ஏரிக்கரையை உயர்த்தியதில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் வயதில் யாரும் அதைப் பார்த்ததில்லை. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே கோட்டை. ஆனால் ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை. இனிப்புக் கடைக்கு எதிரே வீடு இருந்து, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே லட்டைப் பார்த்து வளர்ந்த மாதிரி ஒரு ஏக்கம் எனக்கு.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. காபிச் செடிக்குப் பங்குனி வாக்கில் ஒரு மழை கட்டாயம் வேண்டும். பூ மழை என்போம். அது பெய்தால்தான் மொட்டு விரியும். பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்துவிட்டது, வானம் வெளுத்துக் கிடந்தது. அப்பா தினமும் காலையில் ஆபீஸ் வாசலிலிருக்கும் மழை அளக்கும் குடுவையைத் திறந்து பார்த்துவிட்டு, பேசாமல் மூடி வைப்பார். மொட்டெல்லாம் செடியிலேயே காய ஆரம்பித்திருந்தது. ஏரி நாளுக்கு நாள் உள்வாங்கியது. எல்லாரும் அதைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, நானும் என் தோழியும் மட்டும் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல் பாதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது!

இந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேலத்திலிருந்து சேதி வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்களில் எங்கள் ஜனங்கள் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதனால் ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு என்று குறித்திருந்தார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கைக்கெட்டி வந்து தட்டிப் போயிருந்தது. காரணம் கலரோ படிப்போ இல்லை. "பொண்ணுக்குக் கால் ஒரு எடத்துல நிக்காதாமா" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மரம் ஏறுகிறவள், மலை சுற்றுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். பொய் என்று சொல்லவும் வாயில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இரண்டாவது இடமும் தட்டிப் போன பிறகு, சர்ச்சில் கடைசி பெஞ்சுக்கு மாறி உட்கார ஆரம்பித்தார். அது எனக்கு அடி வாங்கினதைவிட வலித்தது. இந்த மூன்றாவது இடமும் போய்விட்டால் அவர் தலை நிமிரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் அன்று காலையில் போனேன். எப்படிப் போனேன் என்று கேளுங்கள். தலைக்கு வைக்கக் கனகாம்பரம் பறித்துவரச் சொல்லி அம்மா என்னைத் தோழி வீட்டுக்கு அனுப்பினாள். ஏரிக்கரை வழியாகப் போனால், கடவுளே! கல் பாதை முழுசாக வெளியே வந்துவிட்டிருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தத் திட்டு வரைக்கும் ஒரு கல் விடாமல். தோழி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, இன்னிக்கு உட்டா எப்பவும் இல்ல. நாளைக்கு உன்னைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள்.

அது போதுமே எனக்கு! பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அந்தக் கோட்டைக்குள் நுழைந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வாசல் வளைவில் காட்டுக்கொடி திரை போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விலக்கிவிட்டுப் போனால், கூடத்தில் அந்தச் சில்வர் ஓக். சுவரில் ஆள் நிற்கிற உயரத்துக்குக் குளிர்காயும் அடுப்பு, அதன் பொந்தில் ஒரு கிளி குடியிருந்தது. ஒரு மூலையில் புலிக்கால் மாதிரி நான்கு கால் வைத்த பெரிய இரும்புத் தொட்டி, குளிப்பதற்காம். அடியில் மக்கிப்போன சருகு, அதில் குடும்பத்தோடு தவளைகள். என் தோழி தொட்டி விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து, கையை நீட்டி, "யாரங்கே, துரைசாணிக்குக் காபி கொண்டா!" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் கிளி பறந்து போய்விட்டது.

கோபுரத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போகும் கல் படி. நடுவில் சில படிகள் பெயர்ந்து கிடந்தன. சுவரைக் கட்டிக்கொண்டு ஏறினோம். உச்சியில் போய் நின்றோம். நான் பிறந்த மலையை அப்படி ஒரே பார்வையில் நான் பார்த்ததே கிடையாது. ஒரு பக்கம் சேர்வராயன் கோயில் மலை மொட்டையாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் செம்மநத்தத்துக் காடுகள். சரிவு சரிவாகக் காபி, அதற்கு மேலே குடை பிடித்த மாதிரி சில்வர் ஓக், மிளகுக்கொடி, ஆரஞ்சு மரங்கள். மாரமங்கலம் பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்து போனது. எங்கள் வீடு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. வாசலில் அம்மா தண்ணீர் தெளிப்பதுகூடத் தெரிந்தது. "எங்கம்மா! எங்கம்மாடி!" என்று குழந்தை மாதிரி குதித்தேன்.

அப்போதுதான் முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது.

செம்மநத்தம் பக்கமிருந்து கருகருவென்று ஏறி வந்துகொண்டிருந்தது மழை. சொட்டு பெரிதானது. பிறகு தடதடவென்று கொட்ட ஆரம்பித்தது. ஆட்கள் குடியிருக்கும் லைன் பக்கமிருந்து ஓவென்று ஒரு கூச்சல் எழுந்தது. பூ மழை! எஸ்டேட்டே வாசலுக்கு வந்து நனைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உடனே இறங்கி ஓடியிருப்பார்கள். நாங்கள் ஓடவில்லை. காபித் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இது புரியும். பூ மழை பெய்தால் மட்டும் போதாது, போதுமான அளவு பெய்ய வேண்டும். ஒரு இஞ்சை நூறு சென்ட்டாகப் பிரித்துத்தான் நாங்கள் மழையைச் சொல்வோம். கால்வாசி பெய்துவிட்டு நின்றால் மொட்டு அரைகுறையாக விரிந்து கருகிவிடும். பெய்யாமலே இருந்ததைவிடக் கேடு. ஆகவே மழை ஆரம்பித்துவிட்டால் எங்களுக்கு வேறு நினைப்பே வராது. நின்றுவிடக் கூடாது, நின்றுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

கோபுரத்துச் சுவரோரம் முழங்கால் போட்டு, "ஏசப்பா, நிக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்" என்று நான் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். தோழி பக்கத்தில் நின்று, "இப்ப அம்பது சென்ட் இருக்கும்... இப்ப எழுவது இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் தணிந்தால் இருவரும் வானத்தையே அண்ணாந்து பார்ப்போம். மறுபடி வலுத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வோம். அப்பா இந்நேரம் ஆபீஸ் வாசலில் அந்தக் குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேட்டது கிடைத்தது. மத்தியானம் தாண்டியும் மழை நிற்கவே இல்லை.

ஒரு வழியாகத் தூறலானதும் கீழே எட்டிப் பார்த்தேன். கல் பாதையைக் காணவில்லை. இருந்த இடமே தெரியவில்லை. மேல் எஸ்டேட்காரர்கள் செடிக்குத் தண்ணீர் அடிக்க ஓடையை மறித்து வைத்திருந்தார்கள். அதுதான் மழை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் சேர்ந்து செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு வந்தது.

தடதடவென்று இறங்கி ஓடினோம். கல்லைக் காலால் தடவித் தடவிப் போய்விடலாம் என்று நான் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தது. இடுப்புக்கு வந்ததும் காலடியில் கல் வழுக்கியது, தண்ணீர் என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. தோழி பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், மண்டைத்தோல் கையோடு வந்துவிடும் போலிருந்தது. இரண்டு பேரும் திட்டின் ஓரத்திலேயே விழுந்து மூச்சு வாங்கினோம். "பூ வெக்கச் சடை வேணும்னு உங்கம்மா சொன்னது இதுக்குத்தாண்டி" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மறுபடி கோபுரத்துக்கு ஏறினோம். வேறு எங்கே போவது? அப்போது பார்த்து, எஸ்டேட் ரோட்டு வளைவில் வெள்ளை அம்பாசிடர் கார் ஒன்று திரும்பியது. எங்கள் வீட்டை நோக்கித்தான்.

என் பெண் பார்க்கும் படலத்தை நான் வேடிக்கை பார்க்க நேர்ந்தது. கார் நின்றது. அப்பா குடையோடு ஓடி வந்தார். பட்டுப்புடவையில் குண்டாக ஒரு அம்மா இறங்கினார். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இறங்கினார். பிறகு பேண்ட் போட்ட ஒல்லியான ஒரு உருவம் இறங்கி, நேராக எங்கள் வீட்டுப் பலா மரத்தடிக்குப் போய்க் குனிந்து நின்றது. "ஏன்டி, உங்க பலா மரத்துக்குக் கும்பிடு போடறாரு?" என்றாள் தோழி. கும்பிடு இல்லை. மலை வளைவெல்லாம் சேர்ந்து அவரைப் புரட்டிப் போட்டுவிட்டது. வாந்தி.

நேரம் போனது. குளிரில் பல் கிட்டியது. பேசாமல் இருந்துவிடலாம், அவர்கள் போன பிறகு கூப்பிடலாம் என்று நான் தோழியிடம் கெஞ்சினேன். காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று அப்பா எதையாவது சொல்லிச் சமாளிப்பார். இடிந்த கோட்டையில், நனைந்த கோழி மாதிரி நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் இந்த இடமும் போச்சு. சேலம் ஜில்லாவில் பிறகு ஒரு வாசலும் எனக்குத் திறக்காது. எனக்கு என்னைவிட அந்தக் கடைசி பெஞ்சுதான் கண் முன்னால் நின்றது. விசும்பி விசும்பி அழுதேன்.

தோழிக்கு என் அழுகை பொறுக்கவில்லையா, குளிர் பொறுக்கவில்லையா தெரியாது. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, மலையே அதிரக் கத்தினாள்.

"ரைட்டர் சார்! நாங்க கோட்டையில இருக்கறோமுங்க!"

நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் எதிர்மலை அதை இன்னொரு தடவை சொல்லிவிட்டது.

அக்கரையில் நடந்ததை அம்மா எனக்குப் பிறகு சொன்னாள். மழையில் எங்களை எங்கே தேடியும் காணாமல் திரும்பியிருந்த அப்பா வந்தவர்களிடம், "பொண்ணு செம்மநத்தத்துல சித்தி ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, மழையில மாட்டிக்கிச்சு" என்று சொல்லி முடிக்கவும், தோழியின் குரல் வந்து விழவும் சரியாக இருந்ததாம். வேட்டி கட்டிய பெரியவர், அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பலாமுங்க அக்கா. கேள்விப்பட்டது சரியாத்தான் இருக்குது" என்று எழுந்துவிட்டாராம். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். டிரைவர் மட்டும், லாரி டியூபைப் போட்டுப் பெண்ணைக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று சொன்னாராம். அவருக்கு நீச்சல் தெரியும்.

அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் பேசினாராம்.

"ஏனுங்க, நனைஞ்ச துணியோட அந்தப் புள்ளைய இத்தன பேரு முன்னால கொண்டாந்து நிறுத்துவீங்களா? பொண்ணு பாக்கத்தான வந்தோம். பொண்ணு எங்க இருக்குதோ அங்க நாம போனா ஆச்சு. அந்தப் புள்ளைக்கு ஒரு சேலையும் பாவாடையும் எடுத்துக் குடுங்க. பிளாஸ்க்குல காபி ஊத்துங்க. நான் போறேன்."

தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டாராம். அந்த அம்மா காதில் வாங்கவே இல்லையாம்.

கோபுரத்திலிருந்து நாங்கள் பார்த்தது இதுதான். கரையில் ஆட்கள் கூடுகிறார்கள். லாரி டியூப் நான்கைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அதன் மேல் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்துக் கட்டுகிறார்கள். கட்டிலின் மேல், கையில் விரித்த குடையோடும் மடியில் ஒயர்க் கூடையோடும், அந்தப் பட்டுப்புடவை அம்மா ஏறி உட்காருகிறார். டிரைவர் கழுத்தளவு தண்ணீரில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு நீந்தி வர, கரையிலிருந்து நான்கைந்து பேர் கயிற்றை விட்டு விட்டுப் பிடிக்கிறார்கள். கட்டில் ஆடி ஆடி வருகிறது. என் வருங்கால மாமியார் ஏரியில் மிதந்து வருகிறார்!

"ஆத்தாடி" என்றாள் தோழி.

ஓடி இறங்கினோம். கட்டில் திட்டில் முட்டியதும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "வந்தாச்சுங்கம்மா" என்று டிரைவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். நான் கையை நீட்டினேன். அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, நடுங்கியது.

"கண்ணு, மொதல்ல எனக்கு உக்கார ஒரு எடம் காட்டு. காலு நிக்கமாட்டேங்குது" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

உட்கார வைத்தேன். மூச்சு வந்ததும், டிரைவரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் எங்கள் இரண்டு பேர் தலையையும் தன் முந்தானையால் துவட்டினார். எனக்குச் சேலை, தோழிக்கு ஒரு போர்வை. காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான், "மழை வந்தவொடனே ஓடியாராம இங்க என்ன சாமி பண்ணிட்டிருந்த?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. "மழை நிக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேனுங்க" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோட்டைச் சுவரெல்லாம் சிரித்தது. நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்ற டிரைவரின் முதுகுகூடக் குலுங்கியது.

"சரி, வந்தது வந்துட்டேன். மேல ஏறிப் பாக்கலாமா?" என்று கேட்டார் பாருங்கள், நான் அசந்துவிட்டேன். முன்னால் நான், பின்னால் தோழி, நடுவில் அந்த அம்மா. பெயர்ந்த படியில் நான் இழுக்க, அவள் தள்ள, ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை கழுவிவிட்ட மலை, மேகம் கிழிந்து ஒரு பக்கம் வெயில். "அடேயப்பா! நொம்ப நல்லா இருக்குது கண்ணு. நான் காருல வரும்போதே இதைப் பாத்து, உள்ள என்ன இருக்குமோன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப் போய்விட்டது.

பிறகு என் தோளைத் தொட்டு, எங்கள் வீட்டுப் பலா மரத்தடியைக் காட்டினார். அங்கே பெஞ்சில் ஒரு ஆள் எதையோ மூக்கில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார், எலுமிச்சம்பழமாம்.

"அதுதான் என்ற பையன். நான் பொண்ணு பாத்தாச்சு. நீ மாப்பிள்ளையப் பாத்துக்க. புடிக்கலீன்னா இப்பவே சொல்லிரு, கட்டில்ல ஏறிப் போயிட்டே இருக்கேன்."

பெண் மாப்பிள்ளை பார்ப்பது என்று எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? நான் பார்த்தேன். வெட்கத்தை விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே பார்த்தேன். மூக்கும் முழியும் அந்தத் தூரத்துக்கு எங்கே தெரியும்? ஆனால் ஒன்று தெரிந்தது. மரத்துக்கு அப்பால் என் அப்பா தனியாக, சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். யாரும் அவர் பக்கத்தில் இல்லை. பெஞ்சில் கிடந்த அந்த ஒல்லி உருவம் எழுந்தது. தள்ளாடிக்கொண்டே போய், அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தான் படுத்திருந்த பெஞ்சில் உட்கார வைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தது. பிறகு மறுபடி மரத்தடிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தது.

"புடிச்சிருக்குதுங்க" என்றேன். என் தோழிதான் இன்னொரு தடவை மலை அதிரக் கத்தப் போனாள், நான் விடவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலில் ஏறினோம். முதலில் தோழி தனியாக, பிறகு நானும் அந்த அம்மாவும். வழி முழுக்க அவர் நகம் என் கையில் பதிந்திருந்தது. கரைக்கு வந்ததும் தன் தம்பியை, அந்தத் தாய்மாமனைப் பார்த்து, "பொண்ணு புடிச்சிருக்குது. கோட்டையும் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் படக்கென்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நூத்தி இருவது சென்ட்டும்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் மலை முழுக்க வெள்ளை வெளேரென்று காபி பூத்தது. அந்த வாசனைக்குள்தான் எனக்கு நிச்சயம் நடந்தது.

கல்யாணமாகிச் சேலம் வந்து சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன். என் மாமியார் கொல்லைக் கிணற்றுப் பக்கம் போகவே மாட்டார். ஒரு குடம் தண்ணீருக்கும் என்னையோ அவர் பையனையோதான் அனுப்புவார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அத்தை சின்ன வயதில் கிணற்றில் தவறி விழுந்து, பாதி உயிராக வெளியே எடுத்தார்களாம். அன்றிலிருந்து ஒரு வாய்க்காலைத் தாண்டக்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டுமாம். ஒகேனக்கல் போனபோது எல்லாரும் பரிசலில் போக, இவர் மட்டும் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாராம்.

அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்து, "அத்தை, தண்ணின்னா உங்களுக்கு அவ்வளவு பயம். அப்புறம் ஏன் வந்தீங்க? முன்னப்பின்ன தெரியாத எனக்காகவா?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னார்.

"உனக்காக இல்ல கண்ணு. உன்னை நான் அப்ப பாக்கவே இல்லியே. உங்கப்பா மொகத்தைப் பாத்தேன். அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. பொண்ணுக்காகச் சொல்லிப்போட்டு, அதும் பொய்யின்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு, கையப் பெசஞ்சுட்டு நின்னாரு. அப்படியே உட்டுட்டு நாம காருல ஏறிப் போனா, அவரு அங்கயே ஒடஞ்சு போயிருவாரு. அதைப் பாக்கறதுக்கு நான் தண்ணியில உழுந்தாலும் பரவால்லீன்னு இருந்துச்சு."

இப்போது என் மாமியாரும் இல்லை, அப்பாவும் இல்லை. பெண் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார், பிறகு கடைசி வரைக்கும் அவர் அந்த இடத்தை விடவேயில்லை. மற்றவர்கள் முன்னால் யாராவது தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு நமக்கென்ன என்று என் கால் திரும்பும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒரு மனிதர் தலைகுனியக் கூடாது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கிய அந்தப் பெண்மணியின் நடுங்கும் கை என்னைப் பிடித்துத் திருப்பிவிடுகிறது.